கடைசி ரீல் இல்லாத படம்

தியேட்டர் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கூட்டத்த எப்படி சார் சமாளிச்சீங்க?" என்பதுதான். கூட்டத்தைச் சமாளிப்பது ஒரு வித்தையா என்ன? கதவைத் திறந்தால் வரும், படம் விட்டால் போகும். நாலு பேர் கத்துவார்கள், ரெண்டு பேர் சீட்டைக் கிழிப்பார்கள். அதற்கெல்லாம் பயப்படுகிறவன் வேறு வேலை பார்க்கலாம். என்னைப் பயமுறுத்தியது எப்போதும் கூட்டத்துக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு ஆள்தான். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. சத்தத்தில் அவரை மறந்தும் போவோம். அப்படி மறந்துபோக இருந்த ஒரு மேட்னி ஷோவைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன். அதில் வரும் ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சிம்மக்கல் பக்கம் ஒரு தியேட்டரில் நான் மேனேஜர். அந்தத் தியேட்டர் இப்போது இல்லை, அதனால் அதன் பெயரும் வேண்டாம். நீங்கள் வேலை பார்க்கும் ஏசி ஹால் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் மறைப்புச் சுவர். புருஷன் பெண்டாட்டியாக ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினாலும் வாசலில் பிரிந்துவிட வேண்டும். பெண்களுக்குத் தனி டிக்கெட் கவுன்ட்டர், தனி நடை, தனி வாசல். அந்த வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவர் பேச்சியம்மாள் அக்கா. அவரைத் தாண்டி ஒரு ஆண்பிள்ளை உள்ளே கால் வைக்க முடியாது. ஷோ நடக்கும்போது நானே போனதில்லை. முதலாளியே ஒருதடவை எட்டிப் பார்த்து, "பொம்பளைக இருக்காக, அங்கிட்டுப் போங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான்.

அந்த மழைக்காலத்தில் எங்களுக்கு ஒரு குடும்பப் படம் வந்தது. பெரிய நடிகர் கிடையாது, சண்டை கிடையாது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவர் மனைவி, ஒரு குழந்தை. மாடியில் குடிவந்தவனோடு அந்த மனைவிக்குப் பழக்கமாகிவிடுகிறது. ஊருக்குத் தெரிகிறது, பிறகு வாத்தியாருக்கும் தெரிகிறது. அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பிறந்த வீட்டிலும் கதவைச் சாத்துகிறார்கள். நடந்து நடந்து ஒரு ஆற்றுப் பாலத்துக்கு வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் தண்ணீரைப் பார்க்கிறாள். அதோடு கடைசிக்கு முந்தின ரீல் முடியும்.

கடைசி ரீலில் வாத்தியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாலத்துக்கு வருவார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி, அவள் வருகிறாளா என்று பார்த்துப் பார்த்து நடப்பார். அவள் அழுதுகொண்டே பின்னால் போவாள். அவ்வளவுதான் படம். எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. பத்துப் பதினைந்து வருஷம் படம் ஓட்டியவனுக்கு லேசில் எதுவும் பிடிக்காது, அதனால் சொல்கிறேன்.

முதல் நாள் ஈவினிங் ஷோவில் ஆண்கள் பக்கம் ரகளை. "ஓடுனவள சேத்துக்கிட்டானா? அடத் தூ, இவனெல்லாம் ஒரு ஆம்பளையா!" என்று ஒருவன் ஆரம்பித்தான். செருப்பு பறந்தது. சேர் வரிசையில் ரெக்சினைப் பிளேடால் கிழித்துவிட்டார்கள். முதலாளிக்கு வைகைக்கு அந்தப் பக்கம் தல்லாகுளத்தில் வீடு. காரைப் போட்டுக்கொண்டு வந்தவர், கிழிந்த சேரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் மேனேஜர், அந்தக் கடைசி ரீலு நமக்கு எதுக்குய்யா? பாலத்துல நிக்கிறதோட முடிச்சிரு. செத்தாள்னு நெனச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போகட்டும்."

"படமே அந்த ரீல்லதான் சார் இருக்கு" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். அத வச்சு நான் சேரு தைக்க முடியுமா?"

பாட்டை வெட்டுவது, நீளமான வசனத்தைக் குறைப்பது எல்லாம் அந்தக் காலத்தில் தியேட்டர்களில் நடக்கிற காரியம்தான். ஆனால் முடிவையே எடுத்துவிடச் சொன்ன ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். என் மேல் அவருக்கு நம்பிக்கையும் இல்லை. அந்த ரீல் டப்பாவைத் தன் கார் டிக்கியில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். ஆபரேட்டர் சுந்தரம், பாலத்தோடு படத்தை நிறுத்தி, எங்கள் தியேட்டர் ஸ்லைடு ஒன்றை மேலே போட்டார். 'நன்றி, வணக்கம்.'

ரகளை நின்றது. அதைவிட மோசமான ஒன்று ஆரம்பித்தது. அவள் பாலத்தில் நிற்கும்போது ஆண்கள் பக்கத்தில் எவனோ ஒருவன் "குதிடீ!" என்று கத்தினான். அடுத்தவனும் கத்தினான். பிறகு ஒவ்வொரு ஷோவிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. அந்தப் பக்கம் முழுக்கக் கைதட்டித் தாளம் போட்டு, "குதி! குதி!" என்பார்கள். ஸ்லைடு விழுந்ததும் விசில். சிரித்துக்கொண்டே வெளியே போவார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இருக்காது.

"ஏன் மேனேஜர் சார், இப்பிடி அத்துவானத்துல கொண்டுபோய் விட்டா பொம்பளைக எப்பிடி வீட்டுக்குப் போவாளுக? வெளிய வாரவளுக மூஞ்சியப் பாக்க முடியல" என்றார் பேச்சியம்மாள்.

"முதலாளிகிட்டச் சொல்லுங்கக்கா."

"ஆமா, நீங்க சொல்லியே கேக்காத மனுசன் நான் சொல்லிக் கேட்டுட்டாலும்!"

அந்த வாரத்தில் ஒரு நாள் மேட்னி. இடைவேளை மணி அடித்து, முறுக்கு, கலர் சோடா விற்கிறவர்கள் உள்ளே போனபோது என் ரூம் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, தோளில் துண்டு. பெயர் பெரியகருப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், ஒரு சின்ன ஒதவி. படம் விட்டதும் பொம்பளைக வாசல்ட்ட நான் நின்னுக்கிறவா? அங்க ஆம்பளைகள நிக்க விட மாட்டாகன்னு சொன்னாய்ங்க."

"எதுக்கு நிக்கணும்?"

"எம் பொண்டாட்டி உள்ள இருக்கு."

"அதுக்கென்ன, ரோட்டுல நில்லுங்க, வந்துரப்போறாக."

"ரோட்டுல நின்னா பாத்தும் பாக்காத மாதிரி போயிரும் சார்" என்றார். சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இறங்கியது.

உட்காரச் சொல்லி ஒரு சோடா வரவழைத்தேன். மனுஷன் யாரிடமாவது சொல்லத் தவித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்டதும் கொட்டிவிட்டார். சமயநல்லூரைத் தாண்டி அவர் ஊர். கொஞ்சம் நெல் வயல். மழை பொய்த்த சமயத்தில், சொந்தக்காரர்களோடு பம்பாய்ப் பக்கம் முறுக்கு வியாபாரத்துக்குப் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார். திரும்பி வந்தபோது, மனைவி செல்லத்துக்கும் பம்புசெட் ரிப்பேருக்கு வந்துபோன ஒருவனுக்கும் பழக்கம் என்று ஊரே பேசியது. செல்லம் இல்லையென்று சொல்லவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டி, அவள் துணிமணியை எடுத்து வாசலில் வைத்து அனுப்பிவிட்டார்கள். விளாங்குடியில் இருக்கும் அண்ணன் வீட்டில்தான் அதற்குப் பிறகு இருக்கிறாள்.

"அண்ணங்காரன் சோறு போடுறான், மூஞ்சி குடுத்துப் பேசுறதில்லையாம். செல்லத்தோட மதினிதான் அப்பப்ப எனக்குச் சொல்லிவிடும்" என்றார். "மொத நாளே இந்தப் படத்த நான் பாத்துட்டேன் சார். உரம் வாங்க டவுனுக்கு வந்தவன் சும்மா உள்ள நுழைஞ்சேன். அந்த வாத்தியாரு பிள்ளையத் தூக்கிட்டுப் பாலத்துக்கு வாராரு பாருங்க, எனக்குத் தாங்க முடியல. சுத்தி அம்புட்டுப் பேரும் கத்துறாய்ங்க, நான் ஒருத்தன் துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுகுறேன்."

"சரி, அப்புறம்?"

"செல்லத்த 'வா'ன்னு கூப்பிட எனக்கு வாய் வரல சார். மச்சினன் வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பிட்டேன். அந்த வாத்தியாரு மாதிரி தூக்கிட்டுப் போய்க் குடுக்க எங்களுக்குப் பிள்ளையும் இல்ல. அதான் அதோட மதினிகிட்டச் சொல்லிவிட்டேன். இந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, எந்திரிக்காம கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லுங்க, நான் சொல்ல வேண்டியது அம்புட்டும் முடிவுல இருக்குன்னு."

முடிவில் என்ன இருந்தது அன்றைக்கு? ஒரு பெண் தனியாகப் பாலத்தில் நிற்பாள். நானூறு ஆண்பிள்ளைகள் குதி குதி என்பார்கள். நன்றி, வணக்கம். புருஷன் சொல்லியனுப்பியது இதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டு எழுந்து போவாள். எங்கள் தியேட்டரிலிருந்து வைகைப் பாலம் கூப்பிடு தூரம். மற்ற நாளில் மணல்தான் கிடக்கும், அந்த மாதம் பார்த்து ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கவில்லை.

"அப்ப அது பாலத்துலயே நிக்கிமா சார்?"

"ஆமா."

"அந்த வாத்தியாரு வர மாட்டாரா?"

"வர மாட்டாரு."

"ஐயையோ, நான் சாகச் சொன்னேன்னு நெனச்சுக்கிருமே!" என்று எழுந்தவர், எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

இடைவேளை முடிந்து படம் ஓட ஆரம்பித்துவிட்டது. முதலில் முதலாளிக்குப் போன் போட்டேன். டப்பாவைக் கொடுத்தனுப்பினால் போதும், பாலத்தைத் தாண்டி வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? முழுக்கதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுவே நல்ல சகுனமில்லை.

"ஒருத்தன் பொண்டாட்டிக்காக என் தியேட்டர எரிக்கச் சொல்றியா? அவுங்க குடும்ப விவகாரத்துக்கு நான் என்னய்யா பண்றது? வையி போன" என்றார். வைத்தேன். என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆபரேட்டர் சுந்தரம் இதற்குள் விஷயம் தெரிந்து இறங்கி வந்தார். "ஸ்லைடு போட்டு வெளிய கூப்பிட்டுருவோம்ணே" என்றார். உங்களுக்கு இது தெரிந்திருக்காது. செல்போன் இல்லாத காலம். வீட்டில் சாவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது ஓடிவந்தால், ஒரு கண்ணாடித் துண்டில் ஊர் பேரும் ஆள் பேரும் எழுதி, உடனே வெளியே வரவும் என்று ஓடுகிற படத்தின் மேலேயே காட்டுவோம். அவசரத்துக்கு அருமையான வழி. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓடுவது அந்தப் படம். உட்கார்ந்திருப்பது அந்தக் கூட்டம். அதில் 'விளாங்குடி செல்லம் வெளியே வரவும்' என்று ஒரு பெண் பெயர் விழுந்தால் என்ன பேசுவார்கள்? அவள் ஊர்க்காரன் எவனாவது உள்ளே இருந்தால்? வேண்டவே வேண்டாம் என்றேன்.

பேச்சியம்மாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ரெண்டு மூக்கிலும் மூக்குத்தி போட்ட மதினியைத் தேடினால் பக்கத்தில் செல்லம் இருப்பாள் என்று பெரியகருப்பன் அடையாளம் சொல்லியிருந்தார். அக்கா தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் தனியாகத்தான் திரும்பி வந்தார்.

"வர மாட்டேங்குது சார். ஒம் புருஷன் வெளிய நிக்கிறாருன்னு காதுல சொன்னேன். 'அவுக எங்கிட்டப் பேச மாட்டாக, அதுக்குத்தான் படத்தப் பாக்கச் சொல்லிருக்காக, முடிவு வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்'னு சொல்லிட்டுத் திரும்பிக்கிருச்சு. கண்ணு கொட்டாமத் திரையவே பாத்துக்கிட்டு இருக்கு. எனக்கே பயமா இருக்கு."

நான் பெரியகருப்பனைப் பார்த்தேன். "நீங்களே உள்ள போய்க் கூப்பிடுங்க."

"நானா? பொம்பளைக பக்கமா? போய் என்ன சார் சொல்லுவேன்?"

"அந்த வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லலயே. அவரு தங்கமான மனுசன், பேச வேண்டியதில்ல. நான் அப்பிடி இல்ல சார்." துண்டின் நுனியைத் திருகினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "பம்பாய்ல நானும் ஒருத்தி வீட்டுக்குப் போய் வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். கூட வேல பாத்த பயலுகளுக்கெல்லாம் தெரியும். ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்கல. பஞ்சாயத்துல அதோட துணிமணிய எடுத்து வெளிய வைக்கும்போது நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். பாவம், அவமானத்துல குனிஞ்சுருக்கான்னு எல்லாரும் நெனச்சாய்ங்க."

எனக்கு வந்ததே கோபம்! அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "யோவ், அப்ப அந்த ரீலு இங்க இருந்தாலும் உன் கதை அதுல இல்லையேய்யா! எவனோ ஒரு நல்லவன் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு நீயும் நல்லவன்னு பேரு வாங்கப் பாக்குறியா? அந்தப் புள்ள காலம் பூரா உன் கால்ல விழுந்து கெடக்கணுமா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பேச்சியம்மாள் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போது சுந்தரம் மாடியிலிருந்து குரல் கொடுத்தார். "அண்ணே, இந்த ரீல் பாதி ஓடிருச்சு. அடுத்தது பாலம்!"

தம்பிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதலாளி சொன்னபடி ஓட்டிவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண் பாலத்துக்குத்தான் போவாள் என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? ஒன்றும் நடக்காமலும் போகலாம். நம் வேலையில் நெருக்கடி என்பது பாதி நேரம் இப்படித்தான் வரும். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் கையில் இருக்கும், மனசு மட்டும் கேட்காது. நான் எனக்குள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். படத்தை நிறுத்தினால் என்ன கெடும்? சேர் கிழியும், வேலை போகும். நிறுத்தாவிட்டால் கெடுவதைத் திரும்பத் தைக்க முடியுமா? முடியாது. இவ்வளவுதான் கணக்கு. இதற்கு மேல் யோசித்தால் நேரம் போய்விடும்.

"நிறுத்துங்க சுந்தரம். லைட்டப் போடுங்க" என்றேன்.

திரை இருண்டது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' ஸ்லைடு விழுந்தது. ஆண்கள் பக்கம் விசிலும் கூச்சலும் கிளம்பின. "ஓட்டுங்கடா டேய்!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். நான் பெரியகருப்பன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் நடைக்குப் போனேன். பேச்சியம்மாள் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் வாசலில் கிடந்த தன் ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார். அந்த ஸ்டூல் ஒரு ஆணுக்காக நகர்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உங்க கதையச் சொல்லுங்க, வாத்தியாரு கதையச் சொல்லாதீங்க" என்று சொல்லிக் கதவுத் துணியை விலக்கிவிட்டேன்.

உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்படியே நின்றார். பிறகு, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில், "செல்லம், இங்கன வா" என்றார்.

யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான், அதில் என்ன இருக்கிறது? "படம் முடியிறதுக்குள்ள இவருக்கு என்ன அவசரமாம்" என்று ஒரு அம்மாள் முணுமுணுத்தார். நடுவரிசையில் மெலிந்த ஒரு பெண் எழுந்து நின்றார். கீழே விழுந்துவிடாமல் முன் சேரைப் பிடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி வந்தார்.

நடையில் நானும் பேச்சியம்மாளும் ஒதுங்கி நின்றோம். போய்விடலாம் என்றால் அந்தக் குறுகல் நடையில் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"முடிவு வரைக்கும் பாக்கச் சொன்னீக" என்றார் செல்லம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முடிவ வெட்டிட்டாய்ங்க. அத விடு புள்ள. நான் ஒண்ணு சொல்லணும்." சொன்னார். பம்பாய் விஷயத்தை நாலைந்து வார்த்தையில் முடித்துவிட்டார். அலங்காரம் ஒன்றும் இல்லை. சாக்கும் இல்லை.

செல்லம் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். "பஞ்சாயத்துல உக்காந்திருந்தீகளே, அப்பவும் இப்பிடி இருந்துட்டுத்தான் வந்திருந்தீகளா?"

"ஆமா."

"எஞ்சேலைய எடுத்து ஒருத்தன் வெளிய வீசுனான். அதப் பாத்துக்கிட்டு இருந்தீக."

"ஆமா புள்ள."

"நான் ஒருத்திதான் பாவின்னு நெனச்சு, எங்கண்ணன் பிள்ளைகளத் தொட்டுத் தூக்கக்கூடக் கூச்சப்பட்டுக் கெடந்தேன். ஒரு கல்யாணம் காச்சின்னு தலகாட்டல. இந்தா, இன்னைக்கு இங்க உக்காந்து என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றவர் அதை முடிக்கவில்லை. எனக்கு அந்த வாக்கியத்தின் மிச்சத்தைக் கேட்கத் தைரியமும் இல்லை. அழுகையைத் துடைத்துக்கொண்டு, "இங்கனயே நில்லுங்க. எங்கிட்டும் போகக்கூடாது. நான் யோசிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஹாலுக்குள் போய்விட்டார்.

பெரியகருப்பன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுந்தரத்துக்குக் கை காட்டினேன். படம் ஓடியது. ஆற்றுப் பாலம் வந்தது. ஆண்கள் பக்கம் வழக்கம்போல ஆரம்பித்தது. "குதி! குதி!" அன்றைக்குப் படம் நின்ற கடுப்பும் சேர்ந்து சத்தம் கூரையைப் பிய்த்தது. மனுஷன் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவ எதுக்குடா குதிக்கணும்? ஒங்கள்ல யோக்கியன் எவனாச்சும் இருந்தா எந்திரிச்சு நின்னு சொல்லுங்கடா, பாப்போம்!"

கைத்தாளம் நின்றது. பிறகு பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஒருத்தி ஆரம்பித்து, பத்துப் பேராகி, பக்கம் முழுக்கச் சிரித்தது. அந்த வாரம் பூரா அங்கிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். ஆண்கள் பக்கம் எவனோ பதிலுக்கு ஏதோ கத்தினான், எடுபடவில்லை. குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. பெரியகருப்பன் மட்டும் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

முதலாளி மறுநாள் கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கு நல்ல மனசு காரணமா, வேறு மேனேஜர் கிடைக்காதது காரணமா என்று நான் ஆராயவில்லை.

அன்றைக்கு ஸ்லைடு விழுந்து பெண்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். செல்லம் கடைசியாகத்தான் வந்தார், பின்னால் அந்த ரெட்டை மூக்குத்தி மதினி. நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கதான் மேனேஜரா? படத்துக்கு ஒரு முடிவு இருக்குன்னாகளே, என்னது அது?"

"புருஷன் பாலத்துக்கு வந்து அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரும்மா."

செல்லம் கணவர் பக்கம் திரும்பினார். "என்னைய யாரும் கூட்டிட்டுப் போக வேண்டாம். நான் ஒங்களக் கூட்டிட்டுப் போறேன். நேரா ஊருக்குப் போவோம். எஞ்சேலைய வீசுன எடத்துல நின்னு, எங்கிட்டச் சொன்னத அந்தப் பஞ்சாயத்துக்காரக அத்தன பேருகிட்டயும் சொல்லணும். சொன்னா வீட்டுக்குள்ள கால வைக்கிறேன். இல்லாட்டி அப்பிடியே திரும்பிருவேன்."

"ஏத்தா, ஊரு முன்னாலயா?" என்று மதினி பதறினார்.

"எனக்கு ஊரு முன்னாலதான மதினி நடந்துச்சு?"

பெரியகருப்பனின் முகத்தில் ரத்தமே இல்லை. "சொல்றேன்" என்றார்.

"அப்ப நடங்க" என்றார் செல்லம்.

அவர் நடந்தார். பஸ் ஸ்டாப் வரை அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நானும் பேச்சியம்மாளும் வாசலில் நின்றோம். "சொல்லுவானா சார்?" என்றார் அக்கா. தங்கச்சி கல்யாணத்துக்குக் கவலைப்படுகிற மாதிரி அவர் முகம் இருந்தது. எனக்கும் தெரியவில்லை. ரோட்டில் ஒருவன் வாக்குக் கொடுப்பதும் ஊர் கூடிய இடத்தில் வாயைத் திறப்பதும் ஒன்றில்லை. அந்தக் கவலையோடுதான் ஈவினிங் ஷோவுக்கு மணி அடித்தேன்.

பொங்கல் கழிந்து வேறொரு படத்துக்கு ரெண்டு பேரும் வந்தார்கள். அவர் ஆண்கள் வரிசைக்குப் போனார், செல்லம் பெண்கள் வாசலுக்கு வந்தார். நான் கௌரவம் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். பேச்சியம்மாளுக்கு அதெல்லாம் கிடையாது. டிக்கெட்டை வாங்காமலே, "ஊருல சொன்னாரா, இல்லையா? அத மொதல்ல சொல்லு" என்றார்.

"சொன்னாகக்கா, ஒண்ணு விடாம" என்றார் செல்லம். "அதக் கேட்டதும் பஞ்சாயத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கல. பாதிப் பேரு வேட்டியத் தட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அவுகளுக்கும் ஆளுக்கொரு பம்பாய் இருக்கும்போல."

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.